பரங்கிக்காய் நேராகப் பறக்குமா?

மாதிரி ராக்கெட் விடும் அமெரிக்கர்களிடம் 'ஆட்-ராக்' என்று ஒரு தனி வகை உண்டு. ராக்கெட்டுக்குச் சம்பந்தமே இல்லாத ஒரு பொருளை எடுத்து, அடியில் மோட்டார் செருகி, வானத்துக்கு அனுப்பிப் பார்ப்பதுதான் விளையாட்டு. பறக்கும் தட்டு, பிரமிடு, சாலையில் வைக்கும் கூம்பு என்று ஏதேதோ மேலே போயிருக்கின்றன. அக்டோபரில் ஹாலோவீன் நெருங்கினால் பரங்கிக்காயின் முறை வரும். நிஜக் காயைவிட, குழந்தைகள் வீடு வீடாக மிட்டாய் வாங்கக் கொண்டுபோகும் ஆரஞ்சு நிற பிளாஸ்டிக் பரங்கிக்காய் வாளிதான் இதற்கு வசதி.

பார்க்கக் கோமாளித்தனமாக இருக்கும். ஆனால் ஒல்லியான, மூக்குக் கூரான ராக்கெட்டைச் செய்பவருக்கு இயற்பியல் தெரிய வேண்டிய அவசியமே இல்லை. கடையில் வாங்கிய பெட்டியில் சொன்னபடி ஒட்டினால் பறந்துவிடும். பரங்கிக்காயிடம் அந்தச் சலுகை கிடையாது. அதனாலேயே ராக்கெட் எப்படிப் பறக்கிறது என்பதைப் பரங்கிக்காயை வைத்துப் புரிந்துகொள்வது சுலபம்.

ராக்கெட் நேராகப் போவதற்குக் கூர்மூக்கு காரணமல்ல. இரண்டு புள்ளிகள்தான் காரணம். ஒன்று ஈர்ப்பு மையம். மோட்டாரோடு சேர்த்து ராக்கெட்டை விரல்மேல் படுக்க வைத்தால் எந்த இடத்தில் சாயாமல் நிற்கிறதோ அந்த இடம். இன்னொன்று அழுத்த மையம். ராக்கெட் கொஞ்சம் சாய்ந்தவுடன் பக்கவாட்டில் மோதும் காற்றின் விசை முழுவதும் ஒரே இடத்தில் தள்ளுவதாக வைத்துக்கொண்டால், அந்த இடம். பறக்கும் எந்தப் பொருளும் தன் ஈர்ப்பு மையத்தைச் சுற்றித்தான் திரும்பும். அழுத்த மையம் அதற்குப் பின்னால் இருந்தால் காற்று வாலைத் தள்ளி மூக்கை மறுபடி நேராக்கிவிடும். முன்னால் இருந்தால் மூக்கைத் தள்ளிச் சாய்வை இன்னும் பெரிதாக்கும், ராக்கெட் கரணமடிக்கும். தீபாவளி ராக்கெட்டில் அந்த நீளக் குச்சி எதற்கு என்று இப்போது புரியும். குச்சிக்கு எடை கம்மி, நீளம் அதிகம். அதனால் ஈர்ப்பு மையத்தை அது பின்னுக்கு இழுப்பதைவிட அழுத்த மையத்தை அதிகம் பின்னுக்கு இழுத்துவிடும். குச்சியை ஒடித்துவிட்டுப் பற்றவைத்தால் அது எந்த வீட்டு ஜன்னலுக்குப் போகும் என்று சொல்ல முடியாது.

இரண்டு மையங்களுக்கும் நடுவே குறைந்தது ராக்கெட்டின் ஒரு விட்டம் அளவு இடைவெளி வேண்டும் என்பது இந்தப் பொழுதுபோக்கில் பாலபாடம். அழுத்த மையம் எங்கே இருக்கிறது என்று காகிதத்தில் கணக்குப் போடும் வழியை, நாசாவில் வேலை பார்த்த ஜேம்ஸ் பாரோமேன் 1966-இல் மாதிரி ராக்கெட்காரர்களுக்குக் கொடுத்தார். இன்றைய கணினி நிரல்களும் அடிப்படையில் அதையே போடுகின்றன. ஆனால் அது ஒல்லி ராக்கெட்டுகளுக்கான கணக்கு. 20 செ.மீ. விட்டமும் ஏறக்குறைய அதே உயரமும் உள்ள ஒரு உருண்டையை அதில் போட்டால், 'ஒரு விட்டம் இடைவெளி' என்பது ஏறக்குறைய பரங்கிக்காயின் முழு உயரமாகிவிடும். அப்படியென்றால் பறக்கவே கூடாது. ஆனால் பறக்கிறது. ஏன்?

பந்து போன்ற ஒரு பொருளின்மேல் காற்றழுத்தம் எந்தப் புள்ளியில் பட்டாலும் அந்தப் பரப்புக்குச் செங்குத்தாகத்தான் தள்ளும். அந்தக் கோடுகள் எல்லாம் பந்தின் நடு வழியாகவே போகும். எனவே காற்று பரங்கிக்காயைப் பின்னுக்குத் தள்ளும் மொத்த விசையும் ஏறக்குறைய அதன் நடுவில் செயல்படுகிறது என்று எடுத்துக்கொள்ளலாம். ஈர்ப்பு மையம் அந்த நடுவுக்கு முன்னால் இருந்துவிட்டால், காற்றுத் தடையே பின்னாலிருந்து பிடித்து இழுத்து நேராக்கும். ஒல்லி ராக்கெட்டில் இந்த விசை அற்பம், அதனால் கணக்கில் விட்டுவிடலாம். குண்டு ராக்கெட்டில் அதுதான் எல்லாம். இதைக் கணினி நிரலுக்குப் புரியவைக்க ஒரு தந்திரம் வைத்திருக்கிறார்கள். ராக்கெட்டின் பின்னால், விட்டத்தைப்போல 3.14 மடங்கு நீளமுள்ள, எடையே இல்லாத ஒரு கற்பனைக் கூம்பை வரைந்துவிடுவார்கள். நம் பரங்கிக்காய்க்கு அது சுமார் 63 செ.மீ. நிஜத்தில் அங்கே எதுவும் இல்லை. ஆனால் விடை உண்மைக்குப் பக்கத்தில் வந்துவிடும்.

சரி, எடையை முன்னால் கொண்டுபோவது எப்படி? மோட்டார் அடியில்தான் இருந்தாக வேண்டும், அது எடையைப் பின்னுக்கு இழுக்கும். மோட்டாரை உள்ளே தள்ளி வைக்கலாமே என்று தோன்றும். அதற்கு எல்லை உண்டு. மோட்டாரின் வாய் குழாய்க்குள் அந்தக் குழாயின் விட்டத்தைவிட ஆழமாகப் போய்விட்டால் உந்துவிசை படுத்துவிடும். இதை க்ருஷ்னிக் விளைவு என்கிறார்கள். மிச்சமிருக்கும் வழி, காம்புப் பக்கம் களிமண் அப்புவது. வாளி, மோட்டார், பாராசூட் எல்லாம் சேர்த்து 450 கிராம் என்றும், அதன் ஈர்ப்பு மையம் நடுவுக்கு 3 செ.மீ. பின்னால் என்றும் வைத்துக்கொள்வோம். நடுவிலிருந்து 10 செ.மீ. முன்னால், மூடியின் உட்புறம் 150 கிராம் களிமண்ணை ஒட்டினால் ஈர்ப்பு மையம் நடுவைத் தாண்டி வெறும் கால் செ.மீ. முன்னேறும். மொத்த எடையில் நான்கில் ஒரு பங்கு களிமண்ணுக்கே போய்விட்டது, கிடைத்ததோ கால் செ.மீ.! அதனால்தான் அழுத்த மையத்தைப் பின்னுக்கு இழுக்க, வால் பக்கம் இறக்கைபோல் நீட்டும் துடுப்புகளும் வைக்கிறார்கள். குண்டு உடம்புக்குப் பின்னால் காற்று கலங்கிச் சுழன்றுகொண்டிருக்கும். அதற்குள் மறைந்த துடுப்பால் பிரயோஜனம் இல்லை. உடம்பைத் தாண்டி வெளியே நீட்டிக்கொண்டிருக்க வேண்டும். காயின் அழகு கெடக்கூடாது என்பவர்கள் துடுப்பைக் கண்ணாடி போன்ற பிளாஸ்டிக் தகட்டில் வெட்டுவார்கள்.

ஹாலோவீன் பரங்கிக்காய்க்கு முகம் வேண்டும். கண்ணையும் பல்லையும் வெட்டி எடுத்தால் ஒரு பக்கம் மட்டும் காற்று உள்ளே புகுந்து வண்டியை அந்தப் பக்கமாக இழுக்கும். எனவே முகத்தைப் பெயின்டில் வரைவதுதான் புத்திசாலித்தனம்.

அடுத்து மோட்டார். இதில் கை வைக்கவே கூடாது, கடையில்தான் வாங்க வேண்டும். மாதிரி ராக்கெட் என்ற பொழுதுபோக்கு பிறந்ததே அதற்காகத்தான். அமெரிக்காவின் நெப்ராஸ்காவில் செருப்புக்கடை வைத்திருந்த ஆர்வில் கார்லைல் 1954-இல் காகித உடம்பும், கழற்றி மாற்றக்கூடிய மோட்டாரும் கொண்ட ராக்கெட்டைச் செய்தார். 1957-இல் ஸ்புட்னிக் பறந்ததும் பிள்ளைகள் வீட்டிலேயே வெடிமருந்து கலந்து உலோகக் குழாயில் அடைத்துக் கை கால்களை இழந்துகொண்டிருந்தபோது, கார்லைலின் வழியை ஹாரி ஸ்டைன் என்பவர் ஊரெல்லாம் பரப்பினார். பரங்கிக்காயில் தீபாவளி ராக்கெட்டைக் கட்டிவிடலாமா என்று யாராவது கேட்டால் பதில் இதுதான்: கூடாது.

கடை மோட்டாரின் மேல் 'சி6-5' என்பது போல ஒரு குறியீடு இருக்கும். எழுத்து மொத்தக் கணத்தாக்கை, அதாவது சராசரி உந்துவிசையை எரியும் நேரத்தால் பெருக்கினால் வருவதை, சொல்கிறது. 'ஏ' என்றால் 2.5 நியூட்டன்-நொடி வரை, அடுத்தடுத்த எழுத்துக்கு இரட்டிப்பு. 'சி' 10 வரை, 'எஃப்' 80 வரை. நடுவில் உள்ள எண் சராசரி உந்துவிசை. கடைசி எண், எரிந்து முடிந்து எத்தனை நொடி கழித்துப் பாராசூட்டை வெளியே தள்ளும் சின்ன வெடி வெடிக்கும் என்பது.

நம் 600 கிராம் வாளியின் எடை விசை சுமார் 6 நியூட்டன். உந்துவிசை அதைப்போல ஐந்து மடங்காவது இருக்க வேண்டும் என்பது வழக்கம். 40 நியூட்டனை 1.5 நொடிக்குத் தரும் ஒரு 'எஃப்' மோட்டாரை எடுத்துக்கொள்வோம். கிளம்பும்போது நேராகப் பிடித்திருக்கும் 2 மீட்டர் வழிகாட்டிக் கம்பியை விட்டு வெளியேறும்போது வேகம் நொடிக்கு 15 மீட்டர் இருக்கும். துடுப்பு வேலை செய்ய இது போதும். காற்றே இல்லாவிட்டால் இந்த மோட்டார் அதை 430 மீட்டருக்கு ஏற்றும். ஆனால் இந்தப் பரங்கிக்காயின் குறுக்குப் பரப்பு, 2.5 செ.மீ. விட்டமுள்ள சாதாரண ராக்கெட்டைப்போல 64 மடங்கு. காற்றுத் தடையைச் சேர்த்துக் கணக்குப் போட்டால் உச்ச வேகம் மணிக்கு 190 கி.மீ., உயரம் 105 மீட்டர் அளவுதான். நாலில் மூன்று பங்கைக் காற்று தின்றுவிட்டது.

உயரம் போனால் போகட்டும், ஆபத்து அந்தக் கடைசி எண்ணில்தான் இருக்கிறது. காற்றில்லாத கணக்கில் மோட்டார் அணைந்தபின் உச்சியைத் தொட 9 நொடி ஆகும். பரங்கிக்காய் 3 நொடியிலேயே நின்றுவிடும். 7 நொடி தாமதமுள்ள மோட்டாரைப் போட்டால், பாராசூட் விரியும் நேரத்தில் வாளி பாதி உயரத்துக்கும் கீழே தலைகீழாக வேகமாக வந்துகொண்டிருக்கும். பாராசூட்டே விரியாவிட்டால் மணிக்கு 90 கி.மீ. வரை வேகம் பிடித்து விழலாம். தாமதம் அந்த 3 நொடியை ஒட்டியே இருக்க வேண்டும். பாராசூட்டைத் தள்ளும் வாயு அவ்வளவு பெரிய வயிற்றுக்குள் பரவி வலுவிழந்துவிடாமல், மோட்டாரிலிருந்து மூடிவரை நடுவே தனிக் குழாய் ஒன்றும் வேண்டும்.

நிஜப் பரங்கிக்காயை விட முடியாதா? அமெரிக்காவின் டெலவேரில் 1986-இல் தொடங்கிய 'பங்கின் சங்கின்' போட்டியில் கவணிலும் காற்றுப் பீரங்கியிலும் நிஜக் காய்களைத்தான் வீசினார்கள். பீரங்கியின் அதிர்ச்சியில் சில காய்கள் நடுவானிலேயே சிதறிவிடும். ராக்கெட் அப்படி உதைக்காது. நம் மோட்டாரின் முடுக்கம் புவியீர்ப்பைப்போல ஆறு மடங்குக்குள்தான், காய் தாங்கும். சிக்கல் எடையில். பரங்கிக்காயில் பத்தில் ஒன்பது பங்கு தண்ணீர். குடைந்து எடுத்தாலும் மோட்டார், களிமண் எல்லாம் சேர்த்தால் எளிதாக 1,500 கிராமைத் தாண்டிவிடும். அமெரிக்க விமானத் துறை விதிப்படி அதற்கு மேல் போனால் அது மாதிரி ராக்கெட் இல்லை, முன் அனுமதி வாங்க வேண்டும். 3 கிலோ என்றால் 150 நியூட்டன் வேண்டும். அப்போது 'ஹெச்' வகை மோட்டாருக்குப் போக நேரும், அதை வாங்கத் தனிச் சான்றிதழும் தேவை. அத்தனையும் முடித்து, பெரிய பாராசூட்டில் நொடிக்கு 5 மீட்டர் வேகத்தில் மெதுவாக இறக்கினாலும், அது இடுப்புயரத்துக்கு மேலிருந்து தரையில் போடுவதற்குச் சமம். காய் பிளந்துவிடும். பிளந்ததை எடுத்துக் கூட்டு வைக்கலாம் என்றும் நினைக்க வேண்டாம், உள்ளே முழுக்க வெடிமருந்துக் கரி அப்பியிருக்கும்.