ஏக்கரில் தொடங்கும் நெல் திட்டங்கள் எங்கே சறுக்குகின்றன?

நெல் உற்பத்தியைப் பெருக்குவதற்கென்று கொழும்பிலும் அரசு அலுவலகங்கள் உள்ள பத்தரமுல்லையிலும் எழுதப்படும் திட்டங்களில் பெரும்பாலானவை ஏக்கர்க் கணக்கில்தான் தொடங்குகின்றன. இன்னும் எத்தனை ஏக்கர் விதைக்கலாம், ஏக்கருக்கு எத்தனை புசல் (ஒரு புசல் நெல் ஏறத்தாழ 21 கிலோ) கூட்டலாம், ஐந்து ஆண்டில் எத்தனை தொன் கூடும் என்றே கணக்குப் போகிறது. அதைப் பின்னாலிருந்து போட வேண்டும் என்பது எங்கள் நிலைப்பாடு. சோற்றில் தொடங்கி ஆலை, களஞ்சியம், உலர்த்தி, வயல் வெட்டு, விதைப்பு, குளத்து நீர் என்று பின்னோக்கிப் போனால், காசை முதலில் எங்கே போட வேண்டும் என்பது வேறு விதமாகத் தெரியவரும்.

2024 குடிசன மதிப்பீட்டின்படி இலங்கையின் சனத்தொகை ஏறத்தாழ 2 கோடியே 17 லட்சம். தலைக்கு ஆண்டுக்கு 110 கிலோ அரிசி என்று வைத்தால் சுமார் 24 லட்சம் தொன் அரிசி தேவை. நெல்லை அரிசியாக்கும்போது நூற்றுக்கு 65 கிடைத்தால் அதற்கு 37 லட்சம் தொன் நெல் போதும். 60தான் கிடைத்தால் 40 லட்சம் தொன் வேண்டும். இந்த ஐந்து வீத வித்தியாசம் மட்டுமே 3 லட்சம் தொன் நெல். ஒரு துண்டு நிலம்கூடப் புதிதாக விதைக்காமல் ஈட்டக்கூடிய விளைச்சல் இது.

2020இல் நாடு ஏறத்தாழ 51 லட்சம் தொன் நெல் விளைவித்தது. வரட்சியால் 2017இல் அது 24 லட்சம் தொன்னளவுக்கு விழுந்தது. பசளைத் தட்டுப்பாட்டுக்குப் பின் 2022இல் 34 லட்சம் தொன்னளவில் நின்றது. ஆகவே நல்ல ஆண்டில் நமக்கு நெல் போதும். நல்ல ஆண்டின் நெல்லைக் கெடாமல் கெட்ட ஆண்டுவரை வைத்திருக்க முடியாததே குறை. அது வயலில் அல்ல, வெட்டுக்குப் பிறகு வரும் சில நாட்களில் நடக்கிறது.

பெரும்போக வெட்டின்போது, அதாவது மாரி மழைக்கு விதைத்த நெல்லை வெட்டும்போது, மெசினிலிருந்து இறங்கும் நெல்லில் ஈரப்பதன் பெரும்பாலும் 20 முதல் 24 வீதம் வரை இருக்கும். களஞ்சியத்தில் வைக்க 14 வீதம் வேண்டும். 22 வீத ஈரத்துடன் சாக்கில் கட்டி அடுக்கினால் ஒரு நாளிலேயே உள்ளே சூடேறும். பிறகு அரிசி மஞ்சளிக்கும், பூஞ்சணம் பிடிக்கும், விதைக்கும் உதவாது. இதற்குப் பயந்துதான் தார் வீதிகளில் நெல் கொட்டிக் காய வைக்கிறார்கள். நண்பகல் தாரில் மணியின் சூடு அளவுக்கு மீறுகிறது, இரவுப் பனியில் மறுபடி ஈரம் ஏறுகிறது. இப்படிக் காய்ந்து நனைந்து காயும் மணிக்குள் கண்ணுக்குத் தெரியாத கீறல் விழும். ஆலையில் அது குறுணலாக வெளியே வரும். தரையில் காய வைப்பதானால் 3 முதல் 5 சென்டிமீற்றர் தடிப்பில் பரப்பி, அரை மணிக்கு ஒருமுறை புரட்டி, மாலையில் குவித்து மூட வேண்டும். உலர்த்தியில் போட்டால் ஒரு மணித்தியாலத்துக்கு ஒரு வீத அளவில் ஈரம் இறங்குவது நல்லது. விதை நெல்லுக்குச் சூடு 43 பாகை செல்சியசைத் தாண்டக் கூடாது.

சரி, எத்தனை உலர்த்தி வேண்டும்? 5,000 ஏக்கர் வயல்வெளி ஒன்றை எடுத்துக்கொள்வோம். ஏக்கருக்கு 2 தொன் என்றால் 10,000 தொன் நெல். வெட்டு மெசின்கள் ஒன்றாக வந்து இறங்கி 20 நாளில் வெட்டி முடித்தால் நாளுக்கு 500 தொன். ஒரு தடவைக்கு 10 தொன் கொள்ளும் உலர்த்தி நாளுக்கு இரண்டு தடவை ஓடினாலும் 20 தொன்தான். அந்த ஒரு வெளிக்கே 25 உலர்த்திகள் வேண்டும். வருடத்தில் மீதி நாளெல்லாம் அவை பூட்டிக் கிடக்கும், கடன் வட்டி மட்டும் ஓடும். கட்டிய உலர்த்தி நிலையங்கள் சில காலத்தில் கைவிடப்படுவதற்கு இந்தக் கணக்கைப் போடாமல் கட்டியதே முதற் காரணம். அதே நெல்லை 40 நாளில் வெட்டினால் 13 உலர்த்தி போதும். பயிர் நாட்காட்டியை நீட்டுவது உலர்த்தி வாங்குவதைவிட மலிவு.

இதில் ஒரு சிக்கல் இருக்கிறது. ஒரே வெளிக்குள் ஒருவர் இன்று விதைக்க, பக்கத்து வரம்புக்காரர் ஒரு மாதம் கழித்து விதைத்தால் குளத்து நீரை அவ்வளவு காலம் கூடுதலாகத் திறந்து விட வேண்டியிருக்கும். பயிரின் சாற்றை உறிஞ்சும் அறக்கொட்டிப் பூச்சிக்கும் மாதக்கணக்கில் இளம் பயிர் கிடைத்துக்கொண்டே இருக்கும். ஆகவே ஒரு வாய்க்காலின் கீழுள்ள வயல்கள் இரண்டு வாரத்துக்குள் விதைத்து முடிக்க வேண்டும், குளத்துக்குக் குளம், வாய்க்காலுக்கு வாய்க்கால்தான் தள்ளிப் போட வேண்டும். நெல் இனத்தின் வயதை வைத்தும் பிரிக்கலாம். பத்தலகொட நெல் ஆராய்ச்சி நிலையத்தின் ‘பிஜி’ இனங்களின் பெயரிலேயே அது இருக்கிறது: பிஜி 300 மூன்று மாதம், பிஜி 352 மூன்றரை மாதம், பிஜி 403 நான்கு மாதம். இந்த முடிவுகளுக்கு உரிய இடம் கமக்காரர் அமைப்புகள் கூடும் ஆரம்பப் போகக் கூட்டம். அங்கே நீர் திறக்கும் திகதி எழுதப்படுகிறது. வெட்டும் திகதியையும், அந்த வாரம் எத்தனை தொன் வரும் என்பதையும் அதே பதிவேட்டில் எழுத வேண்டும்.

அடுத்தது விலை. 2025 பெப்ரவரியில் அரசு நெல்லுக்கு உத்தரவாத விலை அறிவித்தது: ‘நாடு’ என்னும் நெல் வகை ஒரு கிலோ 120 ரூபாய், சிறுமணி வகைகளான சம்பா 125, கீரிச் சம்பா 132. அறிவிப்பு வரும்போது கிழக்கில் வெட்டுத் தொடங்கிவிட்டது. கமக்காரர் எந்த இனத்தை விதைப்பதென்று முடிவெடுப்பது செப்டெம்பரில். அப்போது தெரியாத விலை அவருடைய விதைப்பை மாற்றாது. அதோடு, நெல் சந்தைப்படுத்தல் சபை வாங்குவது 14 வீத ஈரமுள்ள நெல்லை. வயலோரத்தில் நிற்பது 22 வீத நெல். 22 வீத ஈரமுள்ள 1,000 கிலோ, 14க்கு இறங்கும்போது 907 கிலோவாகிவிடும். 120 ரூபாய் விலைக்கு ஈர நெல்லின் நியாயமான பெறுமதி ஏறத்தாழ 109 ரூபாய், அதிலிருந்து உலர்த்தும் கூலியைக் கழிக்கலாம். வியாபாரி அதற்கும் மிகக் கீழே கேட்டால், அந்த இடைவெளிதான் கமக்காரர் இழப்பது. 20 வீதமென்றால் 930 கிலோ, 18 வீதமென்றால் 953 கிலோ என்று ஒரு சிறு அட்டவணையை ஒவ்வொரு கமநல சேவை நிலையத்தின் சுவரிலும் ஒட்டிவிடலாம். அதற்குப் பக்கத்தில் சரிபார்த்த ஈரமானி ஒன்று இருக்க வேண்டும். மேல் சாக்கில் மட்டும் ஒரு பிடி அள்ளிப் பார்த்தால் பயனில்லை. பல சாக்குகளில் குத்தூசியால் எடுத்துக் கலந்து பார்க்க வேண்டும். உலர்த்தியிலிருந்து இறங்கிய சூட்டோடு அளந்தால் எண் பிழைக்கும், ஆற விட வேண்டும்.

பெரிய ஆலைகள் ஈர நெல்லையே விரும்பி வாங்குவதற்கும் காரணம் உண்டு. புழுங்கலுக்கு எப்படியும் ஊற வைத்து அவிக்கிறார்கள், சிறு கீறல்கள் அவியலில் மூடிக்கொள்ளும். உலர்த்தியும் கைமுதலும் அவர்களிடம் இருக்கின்றன. சிறிய ஆலைக்காரரிடம் இரண்டும் இல்லை. அறுவடை மாதத்தில் வங்கிக் கடன் கிடைக்காத சிறு ஆலை ஆண்டின் பிற்பகுதியில் நெல் இல்லாமல் நின்றுவிடுகிறது, சந்தை சில கைகளுக்குள் போகிறது.

புறக்கோட்டை, மரந்தகஹமுல மொத்த அரிசிச் சந்தைகளில் விலை ஏறும்போதெல்லாம் மொத்த அரிசி போதுமா என்றுதான் கேட்கிறோம். 2024 டிசெம்பரில் ‘நாடு’ வகை அரிசிக்குத் தட்டுப்பாடு வந்தபோது கட்டுப்பாட்டு விலை 230 ரூபாய், இறக்குமதிக்குக் கிலோவுக்கு 65 ரூபாய் வரி. ஆனால் சனம் அரிசியைப் பொதுவாகத் தின்பதில்லை. தெற்கில் சிவப்புப் பச்சை அரிசி, வடக்கிலும் கிழக்கிலும் சிவப்புப் புழுங்கல், கொழும்பில் ‘நாடு’ வகையும் சம்பாவும் கீரிச் சம்பாவும். கீரிச் சம்பா என்பது பிஜி 360. மற்ற இனம் மலையாகக் குவிந்திருந்தாலும் அதன் இடத்தை நிரப்பாது. விதைப்புப் புள்ளிவிவரமும் களஞ்சிய இருப்பும் இனவாரியாக மாதந்தோறும் வெளிவந்தால், எந்த அரிசி எந்த மாதம் குறையும் என்பதை முன்கூட்டியே கணிக்கலாம். இறக்குமதி செய்வதானால் சரியான வகையை, அறுவடைக்கு முன் வந்து தீரும் அளவில் எடுக்கலாம். வெட்டுக் காலத்தில் கப்பல் வந்து சேர்ந்தால் வயலோர விலைதான் விழும்.

விதை பற்றிச் சுருக்கமாகச் சொல்லலாம். வீச்சு விதைப்புக்கு ஏக்கருக்கு 2 புசல், அதாவது 42 கிலோவுக்குச் சற்றுக் குறைவு, போதும். களைக்குப் பயந்து மூன்றரை புசல்வரை போடுகிறார்கள். ஆண்டுக்கு 11 லட்சம் ஹெக்டெயர் விதைப்பில் எல்லோரும் அப்படிச் செய்தால் வீணாகும் நெல் 80,000 தொன்னுக்கு மேல். நெருக்கமான பயிரில் அறக்கொட்டியும் கூடும். தரமான விதை நெல் ஊருக்குள் கிடைக்காதவரை இந்தப் பழக்கம் மாறாது. சொந்த நெல்லையே விதையாக வைப்பதால் களைநெல்லும் அதோடு சேர்ந்தே பரவுகிறது.

பசளைக்கு நாட்காட்டிதான் எல்லாம். 2021 மே மாதத்தில் இரசாயனப் பசளை இறக்குமதி தடை செய்யப்பட்டது, நவம்பரில் தடை நீங்கியது. அதற்குள் பெரும்போகம் விதைத்தாகிவிட்டது. மட்டம் வெடிக்கும் (பயிர் பக்கத் தூர் விடும்) வாரத்தில் கிடைக்காத யூரியாவைக் கதிர் வந்தபின் போட்டு என்ன பயன்? கேள்விப்பத்திரம் கோருவதிலிருந்து கமநல சேவை நிலையத்துக்கு மூடை போய்ச் சேரும்வரை எத்தனை வாரம் பிடிக்கும் என்று எழுதி, விதைப்புத் திகதியிலிருந்து அதைப் பின்னோக்கி எண்ண வேண்டும்.

அடுத்த ஐந்தாண்டுத் திட்டத்துக்கு நாங்கள் கேட்கும் செலவு வரிசை இதுதான். முதல் ஆண்டில் ஈரமானிகள், இனவாரி இருப்புக் கணக்கு, செப்டெம்பருக்கு முன் விலை அறிவிப்பு. மூன்றுக்கும் கட்டடம் தேவையில்லை. இரண்டாம் ஆண்டில், வெட்டு நாட்கள் எத்தனை என்று அளந்த வெளிகளில் மட்டும் உலர்த்திகள். அவற்றைச் சோளம், பயறு, உழுந்து காய வைக்கவும் கூலிக்கு விட வேண்டும், அப்போதுதான் கடன் கட்டுப்படும். உமியையே எரிபொருளாக எடுக்கும் அடுப்பு வைத்தால் டீசல் செலவு தப்பும். களஞ்சியமும் சிறு ஆலைகளுக்கு நெல்லை ஈடாக வைத்துக் கொடுக்கும் கடனும் அதன் பிறகு. புதிய ஏக்கர்கள் இந்த வரிசையில் கடைசி.