வந்த சொற்கள் ஏன் திரும்பிப் போகின்றன?

"மரபணுவில் பிறவியிலேயே பிழை இருக்குமானால், குழந்தை ஓராண்டு வரை நன்றாக வளர்ந்துவிட்டு அதன் பிறகு பேச்சை ஏன் இழக்க வேண்டும்?" என்று ரெட் சிண்ட்ரோம் குறித்து ஒரு வாசகர் கேட்டிருந்தார். குழந்தை நரம்பியல் மருத்துவராகப் பயின்ற ஹுதா சோக்பியை ஆய்வுக்கூடத்துக்குள் இழுத்ததும் ஏறத்தாழ இதே புதிர்தான்.

பெரும்பாலும் பெண் குழந்தைகளுக்கே வரும் இந்நோயில், 6 முதல் 18 மாதங்களுக்குள் வளர்ச்சி தேங்கி, கற்ற சொற்கள் மறைந்து, பொம்மையைப் பற்றிய கைகள் ஓயாமல் ஒன்றையொன்று பிசையத் தொடங்கும். வியன்னாவில் 1954இல் தம் காத்திருப்பு அறையில் இரு சிறுமிகள் அப்படியே கைகளைப் பிசைந்துகொண்டிருந்ததைக் கவனித்தவர் மருத்துவர் ஆண்ட்ரியாஸ் ரெட். அவர் 1966இல் ஜெர்மன் மொழியில் எழுதியதைப் பலரும் படிக்கவில்லை. 1983இல் ஆங்கிலக் கட்டுரை ஒன்று வந்த பிறகே நோய் உலகறிந்தது. அதே ஆண்டில் ஹூஸ்டனில் பயிற்சியிலிருந்த சோக்பி இத்தகைய சிறுமி ஒருத்தியைச் சந்தித்தார். ஒரே குடும்பத்தில் இரண்டாவது முறை இந்நோய் வருவது மிக அரிது என்பதால், தலைமுறைகளை ஒப்பிட்டு மரபணுவைத் தேடும் வழக்கமான முறை கைகொடுக்கவில்லை. 1999இல்தான் சோக்பியின் குழு, எக்ஸ் குரோமோசோமில் உள்ள எம்.ஈ.சி.பி.2 என்னும் மரபணுவில் பிழையைக் கண்டது. மூன்றாண்டில் பலனைக் காட்டு என்று கேட்கும் நிதி அமைப்புகள் இந்தப் பதினாறு ஆண்டுகளை எந்தக் கணக்கில் எழுதும் என்று எனக்குத் தெரியவில்லை.

அம்மரபணு உருவாக்கும் புரதம், டி.என்.ஏ.வின் மீது ஒட்டியிருக்கும் மெத்தில் என்னும் சிறு வேதிக் குறிகளைப் பற்றிக்கொண்டு ஆயிரக்கணக்கான மரபணுக்களின் செயலைச் சிறிது கூட்டியும் குறைத்தும் வைக்கிறது. கைக்குழந்தையின் நரம்பணுக்களில் இப்புரதம் குறைவு. இணைப்புகள் முதிர முதிர அது பெருகுகிறது. ஆகவே அது இல்லாத குறை, அது மிகுதியாகத் தேவைப்படும் பருவத்தில்தான் வெளிப்படுகிறது. வாசகரின் கேள்விக்கு விடை பெருமளவு இதில் இருக்கிறது.

என்னை வியக்கவைப்பது இதற்கு அடுத்தது. பெண்ணின் ஒவ்வொரு உயிரணுவிலும் இரண்டு எக்ஸ் குரோமோசோம்கள் உண்டு. கருவின் தொடக்க நாட்களிலேயே ஒவ்வொரு அணுவும் அவற்றுள் ஒன்றை, பெரும்பாலும் குருட்டாம்போக்காக, மௌனமாக்கிவிடுகிறது. அதன் சந்ததி அணுக்கள் அந்த முடிவையே பின்பற்றுகின்றன. ஆகையால் இரண்டு எக்ஸ்களுள் ஒன்றில் மட்டும் பிழையுள்ள இச்சிறுமிகளின் மூளையில், புரதம் முழுமையாக உள்ள நரம்பணுவும் அறவே இல்லாத நரம்பணுவும் சதுரங்கக் கட்டங்களைப் போல அருகருகே இருக்கின்றன. எந்த அணு எந்தப் பக்கம் விழுந்தது என்பதைப் பொறுத்து நோயின் கடுமையும் மாறலாம். கர்ப்ப காலத்தில் தாய் எதையோ தவறாகச் செய்துவிட்டாள் என்று பழிப்பவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும்: இப்பிழை பெரும்பாலும் தந்தையின் விந்தணுவில் புதிதாக நேர்வது, அதிலும் எவர் குற்றமும் இல்லை.

நரம்பணுக்கள் இந்நோயில் இறப்பதில்லை. மரபியலாளர் ஏட்ரியன் பேர்டின் குழு, அணைத்து வைத்திருந்த மரபணுவை வளர்ந்த எலிகளில் மீண்டும் இயக்கியபோது அவற்றின் நோய்க்குறிகள் பெருமளவு நீங்கின. அம்முடிவு 2007இல் வெளியானது. அப்படியானால் நல்ல மரபணுவைச் சிறுமிகளின் மூளைக்குள் அனுப்பிவிடலாமே என்று தோன்றும். ஆனால் இப்புரதம் இருமடங்கானாலும் மூளை தாங்காது என்பதைச் சோக்பியின் எலிகள் 2004இல் காட்டின. இம்மரபணு இரட்டிப்பான ஆண் குழந்தைகளுக்கு வரும் கடும் நோயும் அதன்பின் அடையாளம் காணப்பட்டது. கட்டங்கள் கலந்த மூளையில் மருந்து, வெறுங்கட்டத்தை மட்டும் தேடிப் போவதில்லை. நலமான அணுவுக்குள்ளும் நுழைந்து அதன் அளவைக் கூட்டிவிடும். எனவே மனிதரிடம் இப்போது சோதிக்கப்படும் மரபணு சிகிச்சைகள், அனுப்பும் மரபணுவோடு ஒரு கடிவாளத்தையும் சேர்த்தே கட்டுகின்றன: புரதம் அளவு மீறாதபடி, மைக்ரோ ஆர்.என்.ஏ. என்னும் சிறு மூலக்கூறுகள் வந்து பற்றி உற்பத்தியை அடக்குவதற்கான இடங்கள் அதிலேயே எழுதப்பட்டிருக்கின்றன.