பிக்கப் வண்டிக்கு பிக்கப் ஏற்றுவது

நம் ஊர் ஒர்க்‌ஷாப்பில் "வண்டியில பிக்கப் இல்லண்ணே" என்றால், ஆக்ஸிலரேட்டரை மிதித்தும் வண்டி சோம்பேறித்தனம் பண்ணுகிறது என்று பொருள். அமெரிக்காவில் பிக்கப் என்பது பின்னால் திறந்த தொட்டி வைத்த சரக்கு வண்டி. இந்த இரண்டு பிக்கப்பையும் ஒன்றுசேர்க்கப் பாடுபடும் ஒரு கூட்டம் அங்கே இருக்கிறது. 1970களின் செவர்லே சி10 ஒன்றைப் பிடிப்பார்கள். வைக்கோல் கட்டும் சிமெண்டு மூட்டையும் சுமந்து ஓய்ந்த வண்டியாக இருக்கும். அதைப் பிரித்து மாட்டி, டிராக் (drag) பந்தயத் தடத்தில் கொண்டுபோய் நிறுத்துவார்கள்.

டிராக் பந்தயத்தில் வளைவு கிடையாது. நேர்த்தடம், கால் மைல், அதாவது 1320 அடி; நம் கணக்கில் 402 மீட்டர். விளக்கு பச்சையானதும் இரண்டு வண்டிகள் கிளம்பும். பதினைந்து விநாடிக்குள் கதை முடிந்துவிடும்.

அந்தப் பதினைந்தைப் பதினான்காக்க என்ன செய்வது என்று கேட்டால், பெரிய இன்ஜின் போடு என்றுதான் முதலில் தோன்றும். ஆனால் பந்தயக்காரர்களிடம் ஒரு பழைய தோராயக் கணக்கு உண்டு. வண்டியின் எடையைப் பவுண்டில் எடுத்து, குதிரைத்திறனால் வகுத்து, கனமூலம் கண்டு, 5.825ஆல் பெருக்கினால் கால் மைல் நேரம் விநாடியில் கிடைக்கும். ஓட்டுபவரோடு சேர்த்து 4000 பவுண்டு, இன்ஜின் 300 குதிரைத்திறன் என்றால் 13.8 விநாடி. இதில் ஒரே ஒரு விநாடியைக் குறைக்க 375 குதிரைத்திறன் வேண்டும். கால்பங்கு கூடுதல்! கனமூலம் என்பது அப்படிப்பட்ட கஞ்சன். அதுவும் அந்த 13.8, இன்ஜினின் சக்தி ஒழுங்காகச் சக்கரத்துக்குப் போய்ச் சேர்ந்தால்தான். பழைய ஆட்டோமேட்டிக் வண்டியில் அது போய்ச் சேர்வதில்லை. வழியில் எண்ணெயைக் கலக்குவதிலும் கிளட்ச் வழுக்குவதிலும் ஒரு பங்கு சூடாகிப் போய்விடுகிறது. எனவே விவரம் தெரிந்தவர்கள் இன்ஜினுக்குப் போகும் முன் வண்டிக்கு அடியில் படுத்து கியர் பாக்ஸைக் கழற்றுகிறார்கள்.

சி10இல் பெரும்பாலும் அகப்படுவது ஜெனரல் மோட்டார்ஸின் டர்போ ஹைட்ராமேட்டிக் 350. 1969 மாடல்களில் அறிமுகமான மூன்று கியர் பெட்டி. முதல் கியரில் உள்ளே வரும் தண்டு 2.52 சுற்று சுற்றினால் வெளிச்செல்லும் தண்டு ஒரு சுற்று; இரண்டாவதில் 1.52, மூன்றாவதில் நேரடியாக 1. உள்ளே இருப்பது சிம்சன் அமைப்பு. ஃபோர்டில் வேலை பார்த்த ஹோவர்ட் சிம்சன் என்ற பொறியாளர் வகுத்தது. பிற்பாடு கிறைஸ்லர், ஃபோர்டு, ஜெனரல் மோட்டார்ஸ் மூன்றுமே அதைத் தங்கள் பெட்டிகளில் வைத்துக்கொண்டன.

நடுவில் ஒரு பல்சக்கரம், சூரியன் மாதிரி. அதைச் சுற்றிக் கோள்கள் மாதிரிச் சின்னச் சக்கரங்கள். அவற்றுக்கு வெளியே, உட்புறம் பல் வெட்டிய வளையம். இந்த மூன்றில் ஒன்றைச் சுற்றி, இன்னொன்றை அசையாமல் பிடித்தால் மூன்றாவது வேறொரு வேகத்தில் சுற்றும். எதைப் பிடிக்கிறோம் என்பதை மாற்றினால் கியர் மாறிவிடும். பற்கள் ஒன்றைவிட்டு ஒன்று விலகவே வேண்டியதில்லை. இப்படி இரண்டு தொகுதிகளை ஒரே சூரியச் சக்கரத்தில் கோத்ததுதான் சிம்சனின் சாமர்த்தியம்.

350இல் எனக்கு மிகவும் பிடித்த விஷயம், இந்தச் சக்கரங்களைப் பிடிக்கும் கிளட்ச்சுகள் வேலை செய்யும் வரிசை. முதல் கியரில் ஒரு கிளட்ச் பிடிக்கும். இரண்டாவதில் அதோடு இன்னொன்று. மூன்றாவதில் அந்த இரண்டோடு மூன்றாவது ஒன்று. மேலே போகும்போது எதையும் விடவே வேண்டாம்! விடுவதை ஒருவழி உருளைக் கிளட்ச்சுகள் பார்த்துக்கொள்ளும். சைக்கிள் ஃப்ரீவீல் போல ஒரு பக்கம் பிடிக்கும், மறுபக்கம் வழுக்கும். புதிய கிளட்ச் பிடித்ததும் பழைய பிடி தானாகவே கழன்றுகொள்கிறது. ஒன்று விடுவதற்குள் இன்னொன்று பிடித்து உள்ளே மல்லுக்கட்டும் தொல்லை இல்லை. அதனால்தான் இந்தப் பெட்டியின் கியர் மாற்றத்தை எவ்வளவு வேண்டுமானாலும் முரட்டுத்தனமாக்க முடிகிறது.

எப்போது மாற்றுவது என்று முடிவு செய்வது யார்? எண்ணெய்தான். மின்னணு எதுவும் கிடையாது. வெளிச்செல்லும் தண்டு வேகமெடுக்க வேகமெடுக்க, கவர்னர் என்ற குட்டி உறுப்பில் இருக்கும் எடைக்கட்டிகள் வெளியே விரிந்து எண்ணெய் அழுத்தத்தைக் கூட்டும். எதிர்ப்பக்கம், ஆக்ஸிலரேட்டரை எவ்வளவு மிதித்திருக்கிறோம் என்பதைச் சொல்லும் இன்னொரு அழுத்தம். இதை உணர்வது இன்ஜினின் உறிஞ்சு குழாயில் இருக்கும் வெற்றிடம். காலை எடுத்தால் வெற்றிடம் அதிகம். முழுக்க மிதித்தால் ஏறத்தாழ ஒன்றுமே இல்லை. இந்த இரண்டு அழுத்தமும் ஒரு வால்வின் இரு முனைகளில் நின்று இழுபறி நடத்தும். கவர்னர் ஜெயித்த நொடியில் வால்வு நகர்ந்து, அடுத்த கிளட்ச்சுக்கு எண்ணெய் பாயும். பந்தயத்துக்குச் செய்பவர் கவர்னரின் எடைக்கட்டியையும் ஸ்பிரிங்கையும் மாற்றுவார். கவர்னர் தாமதமாக ஜெயிக்கும், இன்ஜின் நிமிடத்துக்கு 5500 சுற்றை (ஆர்பிஎம்) எட்டும்போது கியர் மாறும்.

இனி, கிளட்ச். கப் போன்ற ஒரு டிரம்மினுள் உராய்வுப் பிளேட்டும் எஃகுப் பிளேட்டும் மாறி மாறி அடுக்கியிருக்கும். உராய்வுப் பிளேட்டில் ஒட்டியிருப்பது காகித இழையில் செய்த பொருள். கையில் எடுத்தால் கெட்டி அட்டை போலத்தான் இருக்கும். எண்ணெய் வந்து பிஸ்டனைத் தள்ளினால் அடுக்கு நெரிந்து ஒன்றாகச் சுற்றும்.

நெரிவதற்கு எவ்வளவு நேரம் எடுத்துக்கொள்ளலாம் என்பதில்தான் தொழிற்சாலைக்கும் பந்தயக்காரருக்கும் சண்டை. தொழிற்சாலைக்கு வேண்டியது, வண்டியில் இருப்பவர் கையிலுள்ள காபி சிந்தாமல் கியர் மாறுவது. அதற்காக எண்ணெய் போகும் துளையைச் சிறியதாக வைத்தார்கள். போதாததற்கு வழியில் ஒரு அக்யுமுலேட்டரையும் வைத்தார்கள். ஸ்பிரிங் தாங்கிய ஒரு பிஸ்டன் அது. வரும் எண்ணெயில் ஒரு பங்கைத் தானே குடித்து, கிளட்ச் மெல்ல மெல்லப் பிடிக்கும்படி செய்யும். அந்த இடைவேளை முழுக்கப் பிளேட்டுகள் வழுக்குகின்றன.

வழுக்கினால் என்ன ஆகும் என்று ஒரு கணக்கு போடலாம். கிளட்ச் 400 நியூட்டன் மீட்டர் முறுக்குவிசையைத் தாங்கிக்கொண்டு, சராசரியாக நிமிடத்துக்கு 950 சுற்று வித்தியாசத்தில் வழுக்குகிறது என்று வைத்துக்கொள்வோம். பெருக்கினால் சுமார் 40 கிலோவாட். வீட்டு இண்டக்ஷன் அடுப்பு முழு வேகத்தில் 2 கிலோவாட் என்றால், இருபது அடுப்பு! அரை விநாடிக்கு அது அத்தனையும் கையகல அட்டைப் பிளேட்டுகளின் மேல் இறங்குகிறது. வழுக்கும் நேரத்தைச் சுருக்கினாலும் சூடு அதே விகிதத்தில் குறைந்துவிடாது. சுழலும் இன்ஜினின் வேகத்தை இறக்குவதற்கென்று ஒரு பங்கு சூடு எப்படியும் பிறக்கும். ஆனாலும் கணிசமாகக் குறையும்.

ஷிஃப்ட் கிட் என்று விற்பது இந்த வேலையைத்தான் செய்கிறது. பெட்டிக்கும், வால்வுகள் உட்கார்ந்திருக்கும் வால்வு பாடிக்கும் நடுவே துளைகள் நிறைந்த மெல்லிய தகடு ஒன்று இருக்கும். குறிப்பிட்ட துளையை 2 மில்லிமீட்டரிலிருந்து 3 ஆக்கினால் பரப்பு 2.25 மடங்கு. எண்ணெய் பாய்ச்சலும் ஏறக்குறைய அந்த அளவு கூடும். அக்யுமுலேட்டர் ஸ்பிரிங்கைக் கடினமாக்குவார்கள் அல்லது பிஸ்டனையே அசையாமல் அடைத்துவிடுவார்கள். மொத்த அழுத்தத்தையும் கொஞ்சம் ஏற்றுவார்கள். அளவு தவறிப் பெரிதாகத் துளைத்துவிட்டால் திருப்பிச் சிறிதாக்க முடியாது. புதுத் தகடு வாங்க வேண்டியதுதான்.

ஷிஃப்ட் கிட் போட்ட மறுநாளே வண்டி பறக்கும் என்று எதிர்பார்க்கிறவர்கள் உண்டு. கியர் மாறும்போது இடுப்பில் ஓர் உதை விழும். உதை விழுந்ததால் வேகம் கூடிவிட்டது என்று மனசு நம்பும். நேரச் சீட்டைப் பார்த்தால் லாபம் சொற்பமாகத்தான் இருக்கும். அதன் உண்மையான பயன் கிளட்ச் எரியாமல் நிற்பது.

கிளட்ச்சைப் பலப்படுத்த இன்னொரு வழி, பிளேட்டுகளைக் கூட்டுவது. உராயும் பரப்பு எத்தனையோ அத்தனை மடங்கு பிடி. ஆனால் டிரம் அதே டிரம், இடம் அதே இடம். ஆகவே ஒரு பிளேட்டைக் கூடுதலாகச் செருக, நடுவிலுள்ள எஃகுப் பிளேட்டுகளை மெலிதாக்க வேண்டும். சூட்டை உள்வாங்குவது அந்த எஃகுதான். மெலிந்தால் சீக்கிரம் கொதித்து நெளியும். பிடி வேண்டுமா, சூடு தாங்க வேண்டுமா என்று ஒவ்வொருவரும் ஓரிடத்தில் கோடு போட்டுக்கொள்கிறார்கள்.

உண்மையான பெருலாபம் பெட்டிக்கு வெளியே, முன்பக்கம் உட்கார்ந்திருக்கும் டார்க் கன்வெர்ட்டரில் இருக்கிறது. இந்த மாதிரிப் பழைய ஆட்டோமேட்டிக் வண்டியில் இன்ஜினையும் கியர் பாக்ஸையும் இணைப்பது எண்ணெய் மட்டுமே. இரண்டு மின்விசிறியை எதிரெதிரே வைத்து ஒன்றை ஓடவிட்டால் காற்று மற்றதையும் சுற்றவைக்குமே, அதே கதை. நடுவில் ஸ்டேட்டர் என்ற மூன்றாவது இறக்கைச் சக்கரம், திரும்பி வரும் எண்ணெயைச் சரியான கோணத்தில் மடக்கி அனுப்பும். வண்டி நின்ற நிலையில் இதனால் முறுக்குவிசை ஏறத்தாழ இரண்டு மடங்காகிறது.

பிரேக்கை மிதித்துக்கொண்டு ஆக்ஸிலரேட்டரை முழுக்க அழுத்தினால் இன்ஜின் ஒரு எல்லைக்குமேல் ஏறாது. அதுதான் ஸ்டால் வேகம். சாதாரண பிக்கப்பில் 1700 ஆர்பிஎம் வாக்கில் இருக்கும். பந்தயத்துக்காக, வால்வுகளைத் திறக்கும் கேம் தண்டை மாற்றிய இன்ஜினோ 3000க்கு மேல்தான் விழிக்கும். தூங்குகிற இன்ஜினோடு கோட்டிலிருந்து கிளம்புவதால்தான் வண்டி திணறுகிறது. முதல் 60 அடியில் தொலைத்த, விநாடியில் பத்தில் ஒரு பங்கு, முடிவில் ஒன்றரை, இரண்டு மடங்காக வளர்ந்து நிற்கும் என்பது தடத்தில் எல்லோருக்கும் மனப்பாடம்.

கன்வெர்ட்டர் வாங்கும் முறுக்குவிசை, சுற்று வேகத்தின் வர்க்கத்தோடும் விட்டத்தின் ஐந்தாம் அடுக்கோடும் ஏறும். ஐந்தாம் அடுக்கு! 12 அங்குல கன்வெர்ட்டரை எடுத்துவிட்டு அதே வடிவத்தில் 10 அங்குலம் போட்டால், அதே வேகத்தில் அது வாங்கும் விசை 40 விழுக்காடுதான். எண்ணெயின் எதிர்ப்பு குறைந்ததால் இன்ஜின் மேலே ஏறும். அதே விசையைச் சமன்செய்ய சுமார் 1.58 மடங்கு வேகம் வேண்டும். 1700 இருந்த இடத்தில் கிட்டத்தட்ட 2700. இரண்டு அங்குலம் குறைத்ததற்கு ஆயிரம் ஆர்பிஎம். இறக்கையின் கோணத்தையும் மாற்றினால் இன்னும் மேலே போகலாம். விலையும் உண்டு: சாதாரணச் சாலையில் எப்போதும் கொஞ்சம் வழுக்கிக்கொண்டே ஓடும், பெட்ரோல் குடிக்கும், எண்ணெயைக் கொதிக்கவிடும். தனியாக ஆயில் கூலர் வைக்காமல் உயர் ஸ்டால் கன்வெர்ட்டர் மாட்டுவது புத்திசாலித்தனம் அல்ல.

மாட்டும் வேலையைக் கிட்ட நின்று பார்த்தால் அது மெக்கானிக் வேலையைவிடச் சமையல் வேலை மாதிரி இருக்கும். புது உராய்வுப் பிளேட்டுகளைச் சிவப்பு ஆயிலில் ஊறப்போட்டிருப்பார்கள்; காய்ந்த பிளேட்டை மாட்டினால் முதல் ஓட்டத்திலேயே கருகும். ரப்பர் சீல்களுக்கும், வால்வு பாதையிலுள்ள குட்டி எஃகு உருண்டைகள் விழாமல் ஒட்டிக்கொள்வதற்கும் தடவுவது நாம் உதட்டுக்குப் பூசும் வாசலின். வண்டிக் கிரீஸ் கூடாது. அது கரையாமல் திரண்டு துளையை அடைக்கும். வாசலின் சூட்டில் உருகி ஆயிலோடு கலந்துவிடும். அடுக்கை மூடியதும், இடுக்கை அளக்கும் மெல்லிய தகடான ஃபீலர் கேஜைச் செருகி இடைவெளி பார்ப்பார்கள். உராய்வுப் பிளேட் ஒன்றுக்குக் கால் மில்லிமீட்டர் என்பது பொதுவான கணக்கு. பிறகு, வால்வு பாடியை மூடும் முன், ஒவ்வொரு துளையிலும் கம்ப்ரசர் காற்றை ஊதுவார்கள். பிஸ்டன் "டொப்" என்று அடித்தால் சீல் சரி. "புஸ்ஸ்" என்று இழுத்தால் திரும்பவும் பிரிக்க வேண்டும்.

கடைசியில் கன்வெர்ட்டரைத் தண்டில் ஏற்றும்போது அதைச் சுற்றிச் சுற்றித் தள்ள வேண்டும். ஒவ்வொரு பிடிப்பாக "டக்" என்று உள்ளே இறங்கும். கடைசி "டக்" விழாமல் போல்ட்டை முறுக்கினால் ஆயில் பம்ப் நொறுங்கிவிடும். பல வார உழைப்பு ஸ்பேனரின் கால் திருப்பில் போய்விடும்.

இவ்வளவும் செய்து தடத்துக்குப் போனால், அங்கே ஒரு வேடிக்கை. இப்படிப்பட்ட வண்டிகள் பெரும்பாலும் ஓடுவது பிராக்கெட் பந்தயத்தில். ஓட்டுபவர் தன் வண்டி எத்தனை விநாடி எடுக்கும் என்று முன்கூட்டியே அறிவித்து, அந்த எண்ணைக் கண்ணாடியில் எழுதிக்கொள்வார். மெதுவான வண்டிக்கு வித்தியாசத்தைக் கணக்கிட்டு முன்னதாகவே பச்சை விளக்கு கிடைக்கும். எழுதியதைவிட வேகமாக ஓடினால் பெரும்பாலும் தோல்விதான். கிளட்ச் மிதித்து ஓட்டும் வண்டியில் ஓட்டுபவரின் கால் கொஞ்சம் மாறினாலும் நேரம் மாறும், ஆட்டோமேட்டிக் பெட்டியோ ஒவ்வொரு முறையும் ஒரே மாதிரி கியர் மாற்றும்; அதனால்தான் இங்கே அதற்கு இவ்வளவு மரியாதை. ஆனால் ஆயிலின் சூடு மாறினால் அதுவும் மாறும். ஆகவே இரண்டு சுற்றுக்கு நடுவே சி10காரர் பானெட்டைத் திறந்துவைத்து, கூலருக்கு ஃபேன் போட்டு, ஆயில் டெம்பரேச்சர் முள்ளையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். போன ஓட்டத்துக்குமுன் எங்கே நின்றதோ, முள் அங்கே இறங்கிய பிறகுதான் வண்டியை வரிசைக்கு நகர்த்துவார்.