பதினேழாம் வாய்ப்பாடு ஏன் நழுவுகிறது?

17-ஆம் வாய்ப்பாட்டை மளமளவென்று ஒப்பிக்கும் பிள்ளையிடம், "பதினேழெட்டு எவ்வளவு?" என்று திடீரென்று கேட்டுப் பாருங்கள். உதடு அசையும்: பதினேழு, முப்பத்து நான்கு, ஐம்பத்தொன்று... எட்டாவது வரியில்தான் 136 வரும். ஒப்பிக்கும்போது முந்தைய வரியின் ஓசைதான் அடுத்த வரியை இழுத்து வருகிறது. நடுவில் ஏறிக்கொள்ள வழியில்லை. திண்ணைப் பள்ளிகளில் எண்சுவடியை உரக்கச் சொல்லியே பதியவைத்தார்கள்; மாகாணி (1/16) போன்ற பின்னங்களுக்குக்கூட வாய்ப்பாடு இருந்தது. ஓசைக்கு அவ்வளவு பலம். ஆனால் கணக்குப் போடும்போது வேண்டியது வரிசை அல்ல, ஒற்றை விடை.

அடுத்தது நெரிசல். 17×3=51, 13×4=52, 18×3=54, 14×4=56, 19×3=57. ஐந்து விடைகளும் ஏழு எண்களுக்குள் அடங்கிவிடுகின்றன. ஒன்றைத் தேடினால் பக்கத்தில் இருப்பதும் சேர்ந்து கிளம்பும். அதனால்தான் தவறான விடை கண்டபடி வருவதில்லை. 17×7-க்கு 119 வர வேண்டிய இடத்தில் 102 அல்லது 136 வரும்: முன் வரி, இல்லையென்றால் பின் வரி.

12 முதல் 19 வரையுள்ள எண்களை 2 முதல் 9 வரை பெருக்கினால் மொத்தம் 64 விடைகள். எதுவும் முற்றிலும் புதிதல்ல. 17×7 என்பது 70+49. ஆகவே 9 வரை வாய்ப்பாடு தடுமாறாமல் வர வேண்டும். அது ஆட்டம் கண்டால் மேலே எதுவும் நிற்காது. பெரிய பகுதியை முதலில் சொல்லி, பிறகு சிறியதைக் கூட்டுங்கள். இடறுவது பெரும்பாலும் நூறைத் தாண்டும்போது: 60+42=102, 80+56=136. 19-க்கும் 18-க்கும் இருபதிலிருந்து இறங்குவது எளிது: 19×7 என்றால் 140−7=133; 18×7 என்றால் 140−14=126.

சரிபார்க்கவும் வழி உண்டு. 17-இன் விடை எதுவாக இருந்தாலும் கடைசி இலக்கம் 7-ஆம் வாய்ப்பாட்டில் உள்ளதே. 18×2 முதல் 18×9 வரை இலக்கங்களைக் கூட்டினால் 9 வர வேண்டும், 126-க்கு 1+2+6.

பயிற்சிக்குத் துண்டுச் சீட்டு போதும்: ஒரு பக்கம் கேள்வி, மறுபக்கம் விடை. நாளுக்கு நான்கு புதிய சீட்டுகள் சேர்த்தால் 16 நாளில் 64-உம் முடியும். பழையவற்றோடு கலைத்துப் போடுங்கள். வரிசையாக அடுக்கினால் மறுபடியும் ஒப்பித்தல்தான். மூன்று விநாடிக்குள் விடை வராவிட்டால் ஊகிக்காமல் பிரித்துக் கணக்கிட்டு, பிறகு புரட்டிப் பார்க்க வேண்டும். திரும்பத் திரும்பச் சொன்ன தவறும் பதிந்துவிடும். மறுநாள், மூன்றாம் நாள், ஒரு வாரம் கழித்து என்று இடைவெளி விட்டுக் கேளுங்கள். மறக்கத் தொடங்கும் நேரத்தில் முயன்று நினைவுக்குக் கொண்டுவந்ததுதான் நிலைக்கும்.

இது கைவந்தபின் 17×14 பயமுறுத்தாது. 17-உடன் 4 கூட்டினால் 21; பத்தால் பெருக்கினால் 210. அதோடு 7×4=28 சேர்த்தால் 238. 21-க்குப் பக்கத்தில் 28-ஐ ஒட்டி 2128 என்று எழுதுவது வழக்கமான பிழை. அந்த 21 என்பது இருபத்தொரு பத்துகள். 28-இல் உள்ள இரண்டு பத்துகளும் அதில் போய்ச் சேர்ந்தாக வேண்டும்.