தாழியை உடைக்காதீர்கள்

போன வாரம் மலையடிவாரக் கிராமம் ஒன்றிலிருந்து அழைத்தார்கள். நான் போய்ச் சேர்வதற்குள் எல்லாம் முடிந்திருந்தது. பழங்காலத்தில் இறந்தவர்களைப் புதைத்த இடத்தைச் சுற்றிக் கற்களை வைத்த கல்வட்டத்தைப் பொக்லைன் புரட்டிப்போட்டிருந்தது. புதையல் தேடி, எலும்புகளை வைத்துப் புதைத்த பெரிய மண்பானையான தாழியையும் உடைத்துவிட்டார்கள். கிடைத்தது ஒரு கைப்பிடி எலும்பும் துருவேறிய இரும்புத் துண்டும்தான். இந்த ஆண்டில் இப்படி நான் பார்க்கும் மூன்றாவது இடம் இது.

கேட்டால், "குள்ளர் வீடுதானே சார்" என்கிறார்கள்.

பலகைக்கற்களை நிறுத்தி அறைபோல எழுப்பிய கல்திட்டை போன்ற ஈமச்சின்னங்களில் குள்ள மனிதர்கள் குடியிருந்தார்கள் என்பது ஊரார் நம்பிக்கை. இதை எத்தனை ஊர்களில் மறுத்திருப்பேன்! கிருஷ்ணகிரி மாவட்டம் மல்லச்சந்திரத்தில் மோரியர் வீடு என்பார்கள். வேறு ஊர்களில் பாண்டவர் வீடு, வாலியர் வீடு. பெயர் எதுவாகவும் இருக்கட்டும். குடியிருந்த வீடென்றால் அடுப்பு எங்கே? கரி படிந்த மூலை எங்கே? வாசல் என்று நீங்கள் காட்டும் வட்டத் துளைக்கு இடுதுளை என்று பெயர், கல்லறையின் பலகைக்கல்லில் போட்ட துளை அது. உள்ளே கிடைக்கும் எலும்புகள் நம்மைப் போன்ற உயரமுள்ளவர்களுடையவை. பல இடங்களில் முழு உடலும் இருக்காது. வேறிடத்தில் கிடத்தி, பின்னர் எலும்புகளைப் பொறுக்கி வந்து வைத்திருக்கிறார்கள். உயிரோடிருந்தவர்கள் மண்ணிலும் மரத்திலும் வீடு கட்டிக்கொண்டார்கள், அவை மக்கிப்போயின. ஊரே கூடிப் பாறையைப் பெயர்த்து இழுத்து வந்தது இறந்தவர்களுக்காக.

தங்கத்தைவிட அரியது அந்த மண்ணில்தான் இருக்கிறது. பழனிக்கு அருகே பொருந்தலில் ஈமச்சின்னம் ஒன்றினுள் நான்கு கால் ஜாடியில் சுமார் 2 கிலோ நெல் கிடைத்தது. கரிமக் கணிப்பில் அதன் காலம் கி.மு. 490. தூத்துக்குடி மாவட்டம் சிவகளையில் தாழிக்குள் மண்ணோடு கிடந்த நெல்மணிகளுக்குக் கி.மு. 1155 என்று வந்தது. இரும்புக்கும் முந்திய புதிய கற்கால மக்கள் என்ன தின்றார்கள் என்பதைத் திருப்பத்தூர் மாவட்டம் பையம்பள்ளியில் கருகிய கொள்ளும் பச்சைப்பயறும்தான் சொல்லின. ஜாடியைக் கவிழ்த்துக் கொட்டியிருந்தால் இதில் எது மிஞ்சியிருக்கும்?

ஆகவே, உழும்போது தாழியின் வாய் தெரிந்தால் ஏரை நிறுத்துங்கள். உள்ளே கைவிடாதீர்கள். பானையோட்டைக் கழுவாதீர்கள், அதில் ஒட்டியிருக்கும் உணவின் எச்சம் போய்விடும். நகர்த்தாமல் படம் எடுத்துக் கிராம நிர்வாக அலுவலரிடம் சொல்லுங்கள். பத்து ரூபாய்க்கு மேல் மதிப்புள்ள புதையல் எது கிடைத்தாலும் ஆட்சியரிடம் தெரிவித்தாக வேண்டும் என்பது 1878ஆம் ஆண்டுச் சட்டம். கல்திட்டைக்குச் சுண்ணாம்பு பூசுவதும், பலகைக்கல்லைப் பெயர்த்து வாய்க்கால் பாலமாகப் போடுவதும் வேண்டவே வேண்டாம். தருமபுரிப் பக்கம் வழுவழுப்பான கற்கோடரிகளைப் பிள்ளையாராக வைத்துக் கும்பிடுகிறார்கள். கும்பிடுங்கள், அப்படித்தான் அவை பிழைத்திருக்கின்றன.

அந்த நிலத்தின் உரிமையாளர் தாழி மண்ணைத் தென்னைக்கு அடியில் கொட்டியிருந்தார். மூன்று கூடை மீட்டு வந்து, நீரிலிட்டு அலசிச் சலித்துக்கொண்டிருக்கிறோம்.