டிஸ்க் பிரேக்கில் ஏர் எடுப்பது: குமிழி எங்கே நிற்கிறது, எப்படி வெளியே வரும்?

லிவரைப் பிடித்தால் கெட்டியாக நிற்காமல் பஞ்சு மாதிரி உள்ளே போகிறது. இரண்டு மூன்று முறை விட்டு விட்டு அழுத்தினால் கொஞ்சம் இறுகுகிறது. டிஸ்க் பிரேக் உள்ள பைக்கில் இப்படி இருந்தால் பெரும்பாலும் ஃப்ளூயிட் ஓடும் குழாய்க்குள், அதாவது லைனுக்குள், காற்று புகுந்திருக்கிறது. எட்டு நம்பர் ரிங் ஸ்பேனர், ஒரு முழம் தெளிவான பிளாஸ்டிக் ட்யூப், சிரிஞ்ச், புது பிரேக் ஃப்ளூயிட் ஆகியவை இருந்தால் வீட்டு வாசலிலேயே சரிசெய்யலாம். ஆனால் காற்று எங்கே நிற்கும் என்று தெரியாமல் லிவரைக் குத்திக்கொண்டே இருந்தால் ஒரு பாட்டில் ஃப்ளூயிட் தீருமே தவிர லிவர் இறுகாது.

முதலில் ஒரு சின்னக் கணக்கு. ஹேண்டில்பாரில் இருக்கும் மாஸ்டர் சிலிண்டரின் பிஸ்டன் விட்டம் 12.7 மி.மீ., கீழே டிஸ்க்கைக் கவ்விப் பிடிக்கும் காலிப்பரில் 30 மி.மீ. பிஸ்டன்கள் இரண்டு என்று வைத்துக்கொள்வோம். விரலால் 5 கிலோ அழுத்தம் கொடுத்தால், லிவரின் நெம்புகோல் விகிதம் 6 என்றால் பிஸ்டன் மீது 30 கிலோ விழும். பாஸ்கல் விதிப்படி அழுத்தம் எல்லாப் பக்கமும் சமமாகப் பரவும். காலிப்பர் பிஸ்டன்களின் மொத்தப் பரப்பு 11 மடங்கு பெரியது என்பதால் உராயும் கட்டையான பேடை டிஸ்க்கோடு நெருக்கும் விசை ஏறக்குறைய 330 கிலோ ஆகிறது. அப்போது லைனுக்குள் உள்ள அழுத்தம் வளிமண்டல அழுத்தத்தைப்போல் சுமார் 23 மடங்கு.

இந்த அழுத்தத்தில் திரவம் சுருங்குவதே இல்லை எனலாம். காற்று அப்படியல்ல. அரை மில்லிலிட்டர் குமிழி ஒன்று இருந்தால் அது ஏறக்குறைய 0.02 மில்லியாக நசுங்கிவிடும். அந்தக் காலியிடத்தை நிரப்பவே மாஸ்டர் பிஸ்டன் 4 மி.மீ. அளவுக்கு வீணாக நகர வேண்டும். லிவர் நுனியில் அது 2 செ.மீ.க்கும் மேல். ஒரு சுண்டைக்காயைவிடச் சிறிய குமிழி, லிவரை ஏறக்குறைய பிடியைத் தொடவைத்துவிடும்.

கசிவு இல்லாமலும் இந்த நிலை வரும். டாட் 3, டாட் 4, டாட் 5.1 வகை ஃப்ளூயிட்கள் ஈரத்தை உறிஞ்சுபவை. ரப்பர் ஓஸ் வழியாகவும், ஃப்ளூயிட் நிற்கும் தொட்டியான ரிசர்வாயரின் மூடி வழியாகவும் ஈரம் மெல்ல உள்ளே போகிறது. புதிய டாட் 4 குறைந்தது 230 டிகிரி செல்சியஸ் வரை கொதிக்கக் கூடாது என்பது தரவிதி, அதில் 3.7 சதவீதம் நீர் கலந்துவிட்டால் அந்த வரம்பு 155 ஆகக் குறைகிறது. கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளைப் பின் பிரேக்கை மிதித்தபடியே இறங்கினால் காலிப்பரில் சேரும் சூடு, பழைய ஃப்ளூயிட்டைக் கொதிக்கவைக்கப் போதுமானது. நீராவிக் குமிழியும் காற்றைப்போலவே நசுங்கும். பெடல் பொசுக்கென்று இறங்கும். ஆறியதும் சரியானதுபோல் தெரியும் என்பதுதான் இதில் ஏமாற்று. நிறத்தைப் பார்த்து ஈரத்தை அளக்க முடியாது. இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை மாற்றிவிடுவது நல்லது.

ரிசர்வாயர் மூடியில் எந்த டாட் எண் பொறித்திருக்கிறதோ அதையே வாங்குங்கள். டாட் 5.1 வேறு, டாட் 5 வேறு. டாட் 5 சிலிகான் வகை, மற்றவற்றோடு கலக்கக் கூடாது. திறந்த பாட்டிலும் ஈரம் இழுக்கும் என்பதால் 100 மில்லி பாட்டில்களாக வாங்குவதே புத்திசாலித்தனம். ஒரு முன் பிரேக்குக்கு ஒன்று அல்லது இரண்டு போதும். அவசரத்துக்கு இஞ்சின் ஆயில் ஊற்றுபவர்கள் உண்டு. உள்ளே இருக்கும் ரப்பர் சீல்கள் கனிம எண்ணெயில் ஊறிப் பெருத்துவிடும். அதன்பின் சீல், ஓஸ் எல்லாவற்றையும் மாற்ற வேண்டும்.

வண்டியை சென்டர் ஸ்டாண்டில் போட்டு, ரிசர்வாயர் மட்டமாக நிற்கும்படி ஹேண்டிலைத் திருப்பிக்கொள்ளவும். ஃப்ளூயிட் பெயின்ட்டைத் தின்றுவிடும். டேங்க்மேல் துணி போர்த்தி, பக்கத்தில் ஒரு மக் தண்ணீர் வைத்திருங்கள். சிந்தினால் உடனே ஊற்றிக் கழுவ வேண்டும். மூடியின் ஸ்க்ரூக்கள் மெல்லியவை, தலை எளிதில் வழுக்கிவிடும். சரியான அளவு ஸ்க்ரூ டிரைவரை நன்றாக அழுத்திப் பிடித்துத் திருப்பவும். சிரிஞ்சால் பழையதை உறிஞ்சி, அடியில் படிந்த கசடைத் துணியால் துடைத்து, புதியதை நிரப்புங்கள். ரிசர்வாயர் காலியாக இருக்கும்போது லிவரைத் தொடாதீர்கள்.

காலிப்பரில் ஃப்ளூயிட்டை வெளியே விட, உள்ளே துளையுள்ள சின்ன போல்ட் ஒன்று இருக்கும், அதுதான் நிப்பிள். அதில் முதலில் ரிங் ஸ்பேனரை மாட்டி, அதன்மேல் ட்யூபைச் செருகவும். ட்யூப் நிப்பிளிலிருந்து மேல்நோக்கி வளைந்து ஏறி, பிறகு பாட்டிலுக்கு இறங்க வேண்டும்; அப்போதுதான் வெளியே வந்த குமிழி மேலேயே நின்றுவிடும், நிப்பிளுக்குத் திரும்பாது. பாட்டிலின் அடியில் கொஞ்சம் புது ஃப்ளூயிட் ஊற்றி, ட்யூப் நுனியை அதில் மூழ்கவிடவும்.

இனி வரிசை முக்கியம். லிவரை மெதுவாக மூன்று நான்கு முறை அழுத்திவிட்டு, பிடித்தபடியே நிப்பிளைக் கால் சுற்று திறக்கவும். ஃப்ளூயிட் பீய்ச்சும், லிவர் உள்ளே போகும். லிவர் பிடியைத் தொடுமுன் நிப்பிளை மூடு, மூடிய பிறகே லிவரை விடு. மாற்றிச் செய்தால் திரும்பிவரும் பிஸ்டன் ட்யூபிலுள்ள காற்றையே உள்ளே உறிஞ்சிக்கொள்ளும். நான்கைந்து சுற்றுக்கு ஒருமுறை ரிசர்வாயரைப் பாருங்கள். லோயர் கோட்டுக்குக் கீழே போகவே கூடாது.

பழைய வண்டி என்றால் லிவருக்கும் பிடிக்கும் நடுவே ஒரு மரத்துண்டு வையுங்கள். தினசரி ஓட்டத்தில் பிஸ்டன் போகாத பகுதியில் சிலிண்டருக்குள் துரு படிந்திருக்கும். லிவரை முழுக்க இழுத்தால் பிஸ்டனின் ரப்பர் சீல், அதாவது ரப்பர் கப், அதில் உரசிக் கிழிந்துவிடும். ‘ஏர் எடுத்த பிறகுதான் பிரேக் போச்சு’ என்ற புகாருக்கு இதுவும் ஒரு காரணம்.

ட்யூபில் குமிழி வருவது நின்றபிறகும் லிவர் பஞ்சாகவே இருக்கிறதா? நாம் திரவத்தைக் கீழே தள்ளுகிறோம், காற்றோ மேலே ஏறப் பார்க்கிறது, சண்டை அங்கேதான். ஓஸ் மாஸ்டர் சிலிண்டரோடு சேரும் பேஞ்சோ போல்ட் பக்கம்தான் குமிழி அதிகம் தங்கும். ஹேண்டிலைத் திருப்பி அந்த முனையைவிட ரிசர்வாயர் உயரமாக இருக்கும்படி செய்து, லிவரை ஓரிரு மி.மீ. மட்டும் விரலால் சுண்டிச் சுண்டி விடவும். ரிசர்வாயரின் அடியில் ஊசிமுனை அளவு துளை ஒன்று இருக்கிறது. லிவரை ஆழமாக அழுத்தினால் ரப்பர் கப் அதை மூடிவிடும், லேசாகச் சுண்டினால் திறந்தே இருக்கும். அதன் வழியே கடுகளவு குமிழிகள் ஒவ்வொன்றாக மேலே வருவதைக் கண்ணால் பார்க்கலாம். ஓஸை ஸ்க்ரூ டிரைவரின் பிடியால் தட்டிக்கொடுத்தால் ஒட்டியிருப்பவையும் கிளம்பும்.

இரவெல்லாம் லிவரைக் கட்டிவைக்கும் பழக்கமும் வீண் அல்ல. அழுத்தத்தில் சுருங்கிய குமிழிகள் சுவரைவிட்டு மேலே ஏறும். காலையில் கட்டை அவிழ்த்ததும் அந்தத் துளை வழியே வெளியேறும். ஆனால் இது கடைசிக் குமிழிக்கான வைத்தியம், முழு வேலைக்கு மாற்று அல்ல. ஓஸ் மாற்றி லைனே காலியாக இருந்தால், சிரிஞ்சால் நிப்பிள் வழியே கீழிருந்து மேலாகத் தள்ளுவது எளிது. காற்று போக விரும்பும் திசையிலேயே தள்ளுகிறோம். ரிசர்வாயர் வழியாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். பின் காலிப்பரின் நிப்பிள் உச்சியில் இல்லாவிட்டால் காலிப்பரைக் கழற்றி, பேடுகளுக்கு நடுவே மரத்துண்டு செருகி, நிப்பிள் மேலே வரும்படி பிடித்துச் செய்யவும்.

வாக்குவம் பம்ப் வைத்து இழுப்பவர்களுக்கு முடிவே இல்லாமல் குமிழி வரும். அது லைனிலிருந்து வருவதல்ல, தளர்ந்த நிப்பிளின் மரை வழியே நுழையும் வெளிக்காற்று. நிப்பிளை அடைப்பது அதன் கூம்பு நுனிதான், மரை அல்ல. அதனால் முடுக்க அதிக பலமும் தேவையில்லை. பல வண்டிகளுக்கு 6 நியூட்டன் மீட்டர் போதும். உள்ளே துளையுள்ள போல்ட் என்பதால் முறுக்கினால் ஒடிந்து காலிப்பருக்குள்ளேயே நின்றுவிடும்.

ஏபிஎஸ் வண்டியில் வழக்கமான முறையில் ஃப்ளூயிட் மாற்றலாம். லிவரிலிருந்து காலிப்பருக்குப் போகும் வால்வு ஓய்வில் திறந்தே இருக்கும். ஆனால் ரிசர்வாயர் காலியாகி, ஏபிஎஸ்ஸின் வால்வும் பம்பும் உள்ள பெட்டியான மாடுலேட்டருக்குள் காற்று போய்விட்டால், கம்பெனி ஸ்கேனரால் உள்ளிருக்கும் பம்பை ஓடவிட்டுத்தான் எடுக்க வேண்டியிருக்கும்.

முடித்ததும் ரிசர்வாயரை மேல்கோடுவரை நிரப்ப அவசரப்படாதீர்கள். பேட் தேய்ந்திருந்தால் மட்டம் தாழ்ந்திருப்பது இயல்பு. இப்போது நிரப்பிவைத்தால் புது பேட் போடும்போது வழியும். லிவரை ஒரு நிமிடம் இறுக்கிப் பிடித்துப் பாருங்கள். வெளியே கசிவு இல்லாமல் மெல்ல உள்ளே இறங்கினால் மாஸ்டர் சிலிண்டரின் கப் தேய்ந்திருக்கிறது, எத்தனை முறை ஏர் எடுத்தாலும் தீராது. பேடில் ஃப்ளூயிட் பட்டிருந்தால் அதை மாற்றிவிடுவதே சரி. டிஸ்க்கை பிரேக் கிளீனரால் துடைக்கலாம். காலிப்பரைக் கழற்றியிருந்தால் பிஸ்டன்கள் பின்னுக்குப் போயிருக்கும், முதல் அழுத்தத்துக்கு பிரேக் பிடிக்காது. லிவர் இறுகும்வரை நின்ற இடத்திலேயே அழுத்தி, பிறகு நடை வேகத்தில் தெருமுனைவரை ஓட்டிப் பார்த்துவிட்டு ரோட்டில் இறக்குங்கள்.