டப்பா நிறைய பிரேக் ஆயில், ஆனால் பிரேக் இல்லை

போன வாரம் எங்கள் பட்டறைக்கு இன்னொரு பிக்கப் வந்தது. கோத்தகிரியிலிருந்து கேரட் மூட்டையோடு மேட்டுப்பாளையம் இறங்கும்போது பெடல் தரையைத் தொட்டுவிட்டது. கியரைக் குறைத்து, ஹேண்ட்பிரேக்கை இழுத்து, வண்டியை மண்மேட்டில் சாய்த்து டிரைவர் உயிர் பிழைத்திருக்கிறார். கட்டி இழுத்து வருவதற்குள் வண்டி ஆறிவிட்டது, பெடலும் பழையபடி நின்றது. உடனே ஓனர், "ஆயில் ஃபுல்லா இருக்கு, பெடலும் நிக்குது, இவன்தான் பொய் சொல்றான்" என்கிறார். டப்பாவைத் திறந்தால் ஆயில் கடுங்காப்பி மாதிரி கருத்துக் கிடக்கிறது.

அய்யா, லெவல் சரியாக இருப்பதும் ஆயில் நன்றாக இருப்பதும் ஒன்றல்ல. பிரேக் ஆயில் காற்றிலுள்ள ஈரத்தை இழுத்துக்கொண்டே இருக்கும். டாட் 3, டாட் 4 என்பவை பிரேக் ஆயில் ரகங்கள். புதிய டாட் 3 குறைந்தது 205 டிகிரி வரை கொதிக்காது, 3.7 சதவீதம் தண்ணீர் சேர்ந்துவிட்டால் 140 டிகிரியே போதும். டாட் 4-க்கு அதே கணக்கு 230, 155. லோடோடு மலை இறங்கும்போது அந்தச் சூடு வராதா என்ன? கொதித்தால் ஆவி, ஆவி அமுங்கும், பெடல் போகும். ஆறினால் திரும்பி வரும், டிரைவர் பொய்யன் ஆவார்.

"அப்பப்போ டாப்-அப் பண்றேனே" என்பவர்களுக்குத்தான் எனக்குக் கோபம் வருகிறது. இது இன்ஜின் ஆயில் போலச் சுற்றி வராது. மேலே ஊற்றும் புதுசு மேலேயே நிற்கும், கீழே சக்கரத்தில் உள்ள வீல் சிலிண்டரில் கிடக்கும் கருப்பு அங்கேயே கிடக்கும். அதோடு லெவல் குறைந்தால் பேட் தேய்ந்திருக்கிறது, அல்லது எங்கோ ஒழுகுகிறது. அதைப் பார்க்காமல் ஊற்றி மறைப்பது என்ன வைத்தியம்? பெரும்பாலான வண்டிகளுக்கு 2 வருடத்துக்கு ஒருமுறை மாற்றினால் போதும்.

வீட்டில் மாற்றுகிறேன் என்றால் தடுக்க மாட்டேன், ஆனால் ஒழுங்காகச் செய்யுங்கள். மூடியில் போட்டிருக்கும் ரகத்தையே, சீல் உடைக்காத டப்பாவில் வாங்குங்கள். போன வருடம் திறந்து மூடி வைத்த மிச்சம் வேண்டாம். இன்ஜின் ஆயிலோ டீசலோ ஒரு சொட்டுக்கூடப் போகக்கூடாது, ரப்பர் கப் எல்லாம் உப்பிவிடும், அப்புறம் செலவு உங்களுடையது. மேல் டப்பாவின் பழசை சிரிஞ்சால் உறிஞ்சிவிட்டுப் புதுசு ஊற்றி, மேனுவலில் சொன்ன வரிசையில் ஒவ்வொரு சக்கரமாகப் போங்கள். சக்கரத்தின் பிரேக்கில் பழைய ஆயிலை வெளியே விடத் திறக்கும் நிப்பிளுக்கு ரிங் ஸ்பேனர்தான். அசையவில்லை என்றால் முறுக்கி உடைக்காதீர்கள். பெடலை அமுக்கியபடி பிடிக்க ஒருவர், நிப்பிளைத் திறந்து மூட ஒருவர். மூடிய பிறகுதான் காலை எடுக்க வேண்டும். பழைய வண்டியில் பெடலுக்கு அடியில் ஒரு மரக்கட்டை வையுங்கள், தரைவரை அமுக்கினால் பெடல் தள்ளும் மாஸ்டர் சிலிண்டருக்குள் இருக்கும் ரப்பர் கப் கிழியலாம். நடுவில் மேல் டப்பா காலியானால் ஏர் ஏறும். ஏபிஎஸ் வண்டியில் அந்த ஏர் பம்புக்குள் போனால் ஸ்கேனர் இல்லாமல் எடுப்பது கஷ்டம்.

பிக்கப்காரர்கள் பலருக்குத் தெரியாதது: நிறைய வண்டிகளில் லோடுக்கு ஏற்றபடி பின் பிரேக்கைக் கூட்டிக் குறைக்கும் வால்வு ஒன்று உண்டு. ஜாக்கி போட்டு ஆக்சிலைத் தொங்கவிட்டால் 'லோடு இல்லை' என்று அது பின்பக்கத்தைக் குறைத்துவிடும், ஆயில் சரியாக வராது. சக்கரம் தரையிலேயே இருக்கட்டும். பிக்கப்புக்குக் கீழே கை நுழைய இடமா இல்லை?

பெயிண்டில் பட்டால் உடனே தண்ணீர் ஊற்றிக் கழுவுங்கள். பழசைச் சாக்கடையில் கொட்டாதீர்கள். முடிந்ததும் இன்ஜினை ஓடவிட்டு பெடலை அழுத்திப் பிடித்துப் பாருங்கள். மெல்ல இறங்கிக்கொண்டே போனால் வண்டியைத் தெருவுக்கு எடுக்கவே வேண்டாம். ஒரு மெக்கானிக்கைக் கூப்பிடுங்கள், அதற்காக யாரும் உங்களைத் திட்ட மாட்டோம்.